பாதி வெந்த நத்தை மூடி

கோயில் விழாவுக்குத் தூபம் தேர்ந்தெடுக்க அன்று அறையில் கூடியிருந்தவர்கள் நான்கு பேர். சித்திரச் சுருள் தொங்கிய மாடத்தை ஒட்டி, முதல் இருக்கையில் மலைக்கோயில் துறவி சோகாகு. அடுத்து, தூபக்கடை முதலாளி மிஸோகுச்சி. எதிரே, தணல் கிண்ணத்தின் முன்னால், முதலாளியின் மச்சினன் தாதனோரி. வாசல் பக்கம், பதிவுத் தாளும் தூரிகையுமாகக் கினுயே. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கடைக்கு வாசனை கலப்பவள்.

மணத்தை முகரக் கிண்ணம் கைமாறும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. தாதனோரி பிழைத்தது அந்த வழக்கத்தால்தான். கிராம்பும் சந்தனமும் எழுந்து அடங்கி, அடியிலிருந்து ஈர மணல் நெடி ஏறியபோது கினுயேவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டது. தாதனோரி தன்னுடையதென்று தணலில் இட்டது அவளுடைய கலவை. பட்டறைப் பிளம் மரத்தடியில் மூன்று வருஷம் முன்பு, மணம் முதிரட்டும் என்று அவள் புதைத்த பானை.

மணம் நின்று பேச, கடல்நத்தையின் மூடியை இடித்துச் சேர்ப்பார்கள். அதற்கு முன் சாக்கே என்ற அரிசி மதுவில் நாள் முழுக்க வேகவைத்துக் கவிச்சியைப் போக்கியாக வேண்டும். அந்த வருஷம் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்த கினுயே அரை வேக்காட்டிலேயே இறக்கிவிட்டாள். தப்புதான். கொட்ட மனமில்லாமல் சேர்த்தாள். அந்த ஈர மணல் நெடி அதிலிருந்து வந்ததுதான்.

துறவி கிண்ணத்தைக் கீழே வைத்தார். கோயில் விழாவுக்கு இதுதான் என்றார். கலந்தவர் பெயரைக் கோயில் ஏட்டில் ஏற்றப்போவதாகவும் சொன்னார். பிறகு, "கடைசியில மழை விட்ட கடற்கரை மாதிரி ஒண்ணு வந்துச்சே, அது எப்படிங்க?" என்று கேட்டார்.

"பிளம் மரத்து வேரு, சாமி. பானைக்குள்ள ஊறியிருக்கு," என்றான் தாதனோரி, கூசாமல்.

முதலாளி கினுயே பக்கம் திரும்பினார். "எழுதும்மா. கலந்தவர், தாதனோரி."

தூரிகை மை சொட்ட நின்றது. பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு, தாளை மடித்துத் துறவியிடம் நீட்டினாள். அவர் அதைப் பிரிக்காமலே அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

துறவி கிளம்பியதும், தன் கலவைக்கு ஏன் தாதனோரி பெயர் என்று பின்கட்டில் முதலாளியிடம் நேராகவே கேட்டாள். வீட்டு மானம், கடைப் பெயர் என்று அவர் சுற்றி வளைத்தார். தாதனோரி பல் குத்திக்கொண்டே சொன்னான்: "பானை எங்களோடது, மரம் எங்களோடது. மூக்கு மட்டுந்தானக்கா உங்களோடது."

"ஆமா, என்னோடதுதான். அதையும் அறுத்துக் குடுக்கணுமா?"

"அப்ப நாளையிலேருந்து வர வேண்டாம்," என்றார் முதலாளி.

"நாளை வரைக்கும் எதுக்குங்க? இப்பவே போறேன்."

வீட்டுக்கு வந்து துறவிக்கு எழுதிய முதல் கடிதம் முழுக்க வசவு. கிழித்துப் போட்டாள். இரண்டாவதில் வசவு இல்லை: புதைத்த தேதி, சேர்த்த பொருள்கள், ஒவ்வொன்றின் எடை. கீழே இரண்டு வரி: "வெறுமையாக விட்ட இடத்தில் என் பெயர் வர வேண்டும். இத்துடன் உள்ள தூளைத் தனியாகத் தணலில் இட்டு முகர்ந்து பாருங்கள். அது வேர்தானா என்று நீங்களே சொல்லுங்கள்."

அந்த வருஷம் மிச்சமாகி வீட்டில் கிடந்த பாதி வெந்த நத்தை மூடியை இடித்துப் பொட்டலமாக மடித்து உள்ளே வைத்தாள். உறையின் வாயைப் பசை தடவி, கட்டைவிரல் நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். தெருமுனைச் சிவப்புப் பெட்டிக்குள் அது விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கையை எடுத்தாள்.