பால்பாண்டியின் பேருக்குக் கிடைத்த விலக்கு

மலையாள நாட்டில், கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் ஒரு மென்பொருள் கம்பெனியின் ஆறாவது மாடியில் பால்பாண்டி கேன்டீன் நடத்தி வந்தார். சங்கரன்கோவில் பக்கம் கரிவலம்வந்தநல்லூர்க்காரர். தம்பானூரில் ஒரு ஹோட்டலுக்குப் பரோட்டா மாஸ்டராக வந்து இருபத்தோரு வருடம் ஆகிவிட்டது. கேன்டீனுக்கு வந்து ஒன்பது வருடம். அங்கே எல்லோரும் அவரைப் பாண்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பாண்டி சேட்டா, ரெண்டு சாயா. ஒண்ணு மதுரம் இல்லாதெ."

மலையாளத்தில் பாண்டி என்றால் பழைய பாண்டிய நாடு. அந்த நாட்டின் பெயர் நாளடைவில் அங்கிருந்து வருகிற ஆளுக்கு ஆகி, அவன் ஓட்டிவரும் லாரிக்கு ஆகி, கடைசியில் யார் சட்டை கொஞ்சம் பளபளவென்று இருந்தாலும் அந்தச் சட்டைக்கும் ஆகிவிட்டது. இது பால்பாண்டிக்குத் தெரியும். ஒருவர் பாண்டி என்று கூப்பிடும்போது தன் பேரின் பின்பாதியைக் கூப்பிடுகிறாரா, தன் ஊர்த்திசையைக் கூப்பிடுகிறாரா என்று ஆரம்பத்தில் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றார். மூன்றாவது வருடம் அதை விட்டுவிட்டார். டீ ஆறிப்போய்க்கொண்டிருந்தது.

சிக்கல் நாலாவது மாடியில் தொடங்கியது. அங்கே வேலை பார்க்கும் அனுஷா பாறசாலைக்காரி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவள். எட்டு மாதம் உட்கார்ந்து அவள் செய்து முடித்த ஒரு வேலையை அவளுடைய டீம் லீடர் சஜிகுமார் தன் பெயரில் வாடிக்கையாளரிடம் காட்டிவிட்டான். மீட்டிங்கில் அவள் அதைக் கேட்டாள். "பாண்டி லாஜிக் இவிடெ எடுக்கண்டா" என்றான் அவன், பாண்டிப் புத்தியை இங்கே காட்டாதே என்கிற மாதிரி. அந்த வாரமே அவள் மனிதவளத் துறைக்கு இரண்டு பக்கப் புகார் அனுப்பினாள். அதில் முப்பத்தொரு வரி. முப்பது வரி திருடப்பட்ட வேலையைப் பற்றி. கடைசி வரியில் மட்டும் அந்த வார்த்தை.

மனிதவள மேலாளர் ஸ்ரீலட்சுமி புகாரை இரண்டு தடவை படித்தார். முதல் முப்பது வரியைத் தீர்க்க வேண்டுமானால் சஜிகுமாரைக் கேட்க வேண்டும். சஜிகுமாரைக் கேட்டால் அவனுடைய மேலதிகாரியைக் கேட்க வேண்டும். அந்த மேலதிகாரி அடுத்த மாதம் துணைத்தலைவர் ஆகப் போகிறவர். கடைசி வரிக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு வார்த்தைதான். அதைத் தடை செய்தால் போதும்.

தடை செய்ய ஒரு குழு அமைந்தது. குழுவில் மொழி நிபுணராகக் கைலாஷைப் போட்டார்கள். அவன் கம்பெனியின் உள்செய்தி மடலை எழுதுகிறவன். தினமும் காலையில் ஒரு சொல்லின் பிறப்பை எல்லோருக்கும் மெயிலில் அனுப்புவான். சீனி சீனாவிலிருந்து வந்த சொல் என்றும், ஜீன்ஸ் ஜெனோவா என்ற ஊரிலிருந்து வந்தது என்றும், காலிக்கோ துணி நம்ம கோழிக்கோடுதான் என்றும் அவன் சொல்லித்தான் அந்தக் கட்டடத்தில் பலருக்குத் தெரியும். அந்த மெயிலை யாரும் திறப்பதில்லை என்பது அவனுக்கும் தெரியும். முதல்தடவையாக அவனிடம் ஒரு நிறுவனம் அபிப்பிராயம் கேட்கிறது. அவன் லீவு போடாமல் நான்கு நாள் உழைத்தான்.

சுற்றறிக்கை வந்தது. இடப்பெயரிலிருந்து பிறந்த எந்தச் சொல்லையும் ஒரு மனிதரைக் குறிக்க இனிமேல் யாரும் பயன்படுத்தக் கூடாது. பாண்டி, மதராஸி, பங்காளி, தெக்கன் என்று நாற்பத்தாறு சொற்களின் பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது. கம்பெனியின் மெயில், சாட், வருகைப் பதிவு எல்லாவற்றிலும் அந்தச் சொற்கள் வந்தால் கம்ப்யூட்டரே அழித்து நட்சத்திரம் போட்டுவிடும்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குப் பால்பாண்டி டீ கேனோடு வாசலுக்கு வந்து கார்டைத் தேய்த்தார். கதவு திறக்கவில்லை. செக்யூரிட்டி வேலப்பன் திரையை எட்டிப் பார்த்தார். அவர் நெய்யாற்றின்கரைக்கு அந்தப் பக்கத்துக்காரர். தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பார்.

"அண்ணே, உங்க பேரு இங்கெ இல்லல்லோ."

"ஒம்பது வருசமா இருந்த பேரு எங்கவே போகும்?"

"பால்னு இருக்கு. அதுக்குப் பின்னால அஞ்சு நட்சத்திரம் இருக்கு. கார்டுல இருக்கிறது வேற. ரெண்டும் ஒத்துப்போகாட்டா விட எனக்கு அதிகாரம் இல்ல கேட்டோ."

"என் முகத்த உமக்குத் தெரியாதா?"

"முகம் தெரியும். ஸிஸ்டத்துக்குத் தெரியணுமே."

இருவரும் வாசலில் நின்று அதே கேனிலிருந்து டீ குடித்தார்கள். எட்டரைக்கு மூன்றாவது மாடியிலிருந்து போன் வந்தது. ஒன்பதேகாலுக்குத் துணைத்தலைவர் ஆகப் போகிறவரே போன் செய்தார். அவருக்குக் காலையில் சூடாக உளுந்தவடை வேண்டும். வேலப்பன் ஒரு பார்வையாளர் சீட்டை எடுத்து, நட்சத்திரங்களை விட்டுவிட்டு, பால் என்று மட்டும் எழுதி உள்ளே அனுப்பினார்.

அன்றிலிருந்து அவர் பால் சேட்டன் ஆனார். இரண்டாவது மாடியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அவரிடம், ஞாயிற்றுக்கிழமை எந்தச் சபைக்குப் போகிறீர்கள் என்று அன்போடு விசாரித்தாள். புதன்கிழமை அவர் அடுப்படியில் நின்றபடி ஊரில் இருக்கும் பெரியப்பா மகனோடு போனில் பேசினார். "சொல்லு பங்காளி, சௌக்கியமா இருக்கியா பங்காளி" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டார். சாயங்காலம் அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர் ஒரு வங்காளத் தொழிலாளியை, அவருடைய மாநிலப் பெயரைச் சொல்லி, இரண்டு முறை அவமதித்ததாக அதில் இருந்தது.

கடிதத்தை வீட்டில் மனைவி உலகம்மாளிடம் காட்டினார். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"யார வஞ்சீக?"

"நம்ம சற்குணத்த."

"அவன் எப்போ வங்காளத்துக்குப் போனான்?"

"போகல. அவன் கரிவலத்துலதான் இருக்கான்."

"அப்போ இத அவனுக்கே அனுப்பி வைங்க. சிரிப்பான்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுக்க யாரும் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கேலியாகவாவது அது காதில் விழுந்துகொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவரை ஐந்தாவது மாடி அரங்குக்குக் கூப்பிட்டார்கள். சஜிகுமார் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறான். அனுஷா அதை ஏற்றுக்கொள்ள மேடைக்கு வர மறுத்துவிட்டாள். தன் வேலையில் தன் பெயரைப் போட்டால் போதும், பூங்கொத்து வேண்டாம் என்று பதில் எழுதியிருந்தாள். மன்னிப்பை வாங்கிக்கொள்ளத் தமிழர் ஒருவர் தேவைப்பட்டார். கேன்டீன்காரர் எப்போதும் கட்டடத்திலேயே இருப்பவர்.

பால்பாண்டி கையைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார். கையில் பூங்கொத்தைக் கொடுத்தார்கள். சஜிகுமார் ஒரு தாளைப் பார்த்து வாசித்தான். "ஒரு குறிப்பிட்ட சொல்லால் ஒரு குறிப்பிட்ட பிரதேசத்து மக்களைக் காயப்படுத்தியதற்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். பால்பாண்டி மைக்கிடம் போய், "எந்தச் சொல்லு தம்பி?" என்று கேட்டார்.

சஜிகுமார் ஸ்ரீலட்சுமியைப் பார்த்தான். ஸ்ரீலட்சுமி கைலாஷைப் பார்த்தார். கைலாஷ், "அது சொல்ல முடியாத சொல் சேட்டா" என்றான்.

"சொல்லாம எப்படி மன்னிக்கிறது?"

நியாயமான கேள்வி என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். கொஞ்ச நேரம் குசுகுசுத்துவிட்டு, கைலாஷ் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நான்காக மடித்து அவரிடம் நீட்டினான். பால்பாண்டி பிரித்துப் படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இது என் பேருல்லா" என்றார்.

மைக் திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

திங்கட்கிழமை ஸ்ரீலட்சுமியின் அறையில் விசாரணை. விசாரணை என்று சொல்லவில்லை, உரையாடல் என்றார்கள். கைலாஷும் இருந்தான். ஸ்ரீலட்சுமி வலியசாலை அக்ரகாரத்தைச் சேர்ந்தவர். தலைமுறை தலைமுறையாக வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். இருந்தும் ஒன்பது வருடத்தில் அவரும் பால்பாண்டியும் மலையாளத்தில்தான் பேசியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் முதல்தடவையாக, "வாங்கோ, ஒக்காருங்கோ" என்றார்.

பால்பாண்டி அவரைக் கொஞ்சம் அதிசயமாகப் பார்த்தார். "அப்போ மேடமும் நம்ம ஆளுதானா?"

"நாங்க இங்கேயே உள்ளவா" என்றார் ஸ்ரீலட்சுமி வேகமாக.

கைலாஷ் கோப்பைத் திறந்தான். இடப்பெயரிலிருந்து வராத சொல்லுக்கு விதியில் தடை கிடையாது. ஆகவே பேரில் உள்ள பாண்டி இடப்பெயரிலிருந்து வரவில்லை என்று நிரூபித்துவிட்டால் நட்சத்திரத்தை எடுத்துவிடலாம். "யார் வச்ச பேரு சேட்டா?"

"எங்கப்பா. பிள்ளையில்லாம மதுரையில பாண்டி முனிக்கு நேந்துக்கிட்டாரு. நான் பொறந்தேன். சாமி பேர வச்சாரு."

கைலாஷின் முகம் மலர்ந்தது. சாமி பேர் என்றால் இடப்பெயர் இல்லை. எழுதப் போனவன் பேனாவை நிறுத்தினான். "அந்தச் சாமிக்கு எப்படி அந்தப் பேரு வந்துது?"

"பாண்டிய ராசாதான் சாமியா உக்காந்திருக்காருன்னு சொல்லுதாக."

"ராஜாவுக்கு?"

"பாண்டிய நாட்டுக்கு ராசா. அதனால பாண்டியன்."

"கஷ்டம்" என்றான் கைலாஷ் உண்மையான துக்கத்தோடு. "மறுபடியும் இடம்தான்."

பால்பாண்டி யோசித்தார். "சரி தம்பி, நாட்டுக்கு அந்தப் பேரு எங்கிருந்து வந்துது? ராசாவாலயா?"

கைலாஷ் பேனாவை மூடி வைத்தான். அதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை என்றான். சிலர் பண்டு என்ற சொல்லிலிருந்து என்கிறார்கள், சிலர் வேறு விதமாகச் சொல்கிறார்கள். அவன் தன் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு பிரச்சனையை விளக்கியதில்லை. இருபது நிமிடம் பேசினான். அதற்குள் பால்பாண்டிக்கு அடுப்பில் வைத்த சாம்பார் ஞாபகம் வந்துவிட்டது.

"மேடம், நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லுங்கோ."

"பாண்டின்னு கூப்பிட்டா எனக்கு ஒண்ணும் இல்ல. நல்ல மனசோட கூப்பிடுறவன் குரலு தெரியும், இளக்காரமா கூப்பிடுறவன் குரலும் தெரியும். சாமான் லிஃப்ட் நாலு மாசமா ஓடல. ஆளுக லிஃப்ட்ல கேன்டீன்காரன் ஏறக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கீக. இருவது லிட்டர் கேனத் தூக்கிட்டு ஆறு மாடி ஏறுதேன். அதுக்கு ஏதாச்சும் குழு போட முடியுமா?"

ஸ்ரீலட்சுமி நிஜமாகவே சங்கடப்பட்டார். "லிஃப்ட் எங்க துறை இல்லை. அது கட்டடப் பராமரிப்பு."

"அந்தப் பொண்ணு வேலைய எடுத்துக்கிட்டது?"

"அது டெலிவரி துறை."

"அப்போ உங்க துறையில என்ன இருக்கு மேடம்?"

ஸ்ரீலட்சுமி மேசைமேல் இருந்த நாற்பத்தாறு சொற்களின் பட்டியலை நேராக நகர்த்தி வைத்தார்.

கோப்பு பெங்களூருத் தலைமையகத்துக்குப் போயிற்று. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பண்பாட்டுக் காரணங்களை முன்னிட்டு இந்த ஒரு நபருக்கு மட்டும் அந்தச் சொல்லைப் பெயராகப் பயன்படுத்த விலக்கு அளிக்கப்படுகிறது. விலக்கு அவருக்கு மட்டுமே பொருந்தும், அவரைக் கூப்பிடுகிறவர்களுக்குப் பொருந்தாது.

ஆக, பால்பாண்டி தன்னைப் பாண்டி என்று சொல்லிக்கொள்ளலாம். மற்றவர்கள் சொல்ல முடியாது. புது அடையாள அட்டையில் முழுப்பேரும் இருந்தது, அதன் கீழே சிவப்பு எழுத்தில் விலக்கு பெற்றவர் என்றும் இருந்தது. ஒரே வாரத்தில் கட்டடம் முழுக்க அவரை எக்ஸெம்ப்ஷன் சேட்டன் என்று கூப்பிட ஆரம்பித்தது. அந்தச் சொல் எந்த ஊரிலிருந்தும் வரவில்லை என்று கைலாஷ் உறுதி செய்து மெயில் போட்டான். அந்த ஒரு மெயிலைத்தான் எல்லோரும் திறந்து படித்தார்கள்.

அனுஷாவுக்கும் பதில் வந்தது. தங்கள் புகார் முழுமையாகத் தீர்க்கப்பட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி. அவள் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். கொச்சியில் வேறு வேலை தயாராக இருந்தது. கடைசி நாள் கேன்டீனுக்கு வந்து டீ வாங்கிக்கொண்டு கவுண்டருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"நான் அந்தக் கடைசி வரிய எழுதாம இருந்திருக்கலாம் அண்ணா. உங்க பேரு தப்பிச்சிருக்கும்."

"எழுதினது சரிதாம்மா. அவங்க கடைசி வரியில இருந்து வாசிச்சா நீ என்ன செய்வ?" என்றார் அவர். அவள் சிரித்தாள். டம்ளரை வைத்துவிட்டு, சஜிகுமார் நின்றிருந்த வரிசையைத் தாண்டிப் போனாள். அவன் போனைப் பார்ப்பதுபோல் நின்றான்.

அன்று வீட்டுக்குப் போனதும் பால்பாண்டி அட்டையைக் கழற்றி உலகம்மாளிடம் கொடுத்தார். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"பேரக் குடுத்துட்டாகளா?"

"ஒரு வருசத்துக்கு."

"அதுக்கப்புறம்?"

"அர்ஜி குடுத்துப் புதுப்பிக்கணுமாம்."

உலகம்மாள் அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனாள். "கொல்லைப் பக்கம் ஒரு வாளி தண்ணி எடுத்து வைங்க, பாண்டி" என்று உள்ளேயிருந்து சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவர் மேசைமேல் இருந்த அட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.