சுவருக்கு அம்மை போட்ட வருஷம்

1964ஆம் வருஷம் பங்குனி மாதம் மானகிரியில் மலையாண்டி வீட்டு மேற்குச் சுவருக்கு அம்மை போட்டது. முதல் இரண்டு நாள் காய்ச்சல். மேலே விரித்த ஈரத்துணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. மூன்றாம் நாள் சுண்ணாம்புப் பூச்சின் மேல் கடுகு கடுகாகப் புறப்பட்டது. ஐந்தாம் நாள் ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவுக்கு வந்து நீர் கோத்தது. அந்த வருஷம் காரைக்குடிச் சந்தையில் மிளகாய் விலை இறங்கியிருந்தது, கண்மாயில் இடுப்பளவு தண்ணீர் கிடந்தது, சுவருக்கு அம்மை போட்டிருந்தது. ஊர்க்காரர்கள் இந்த மூன்றையும் ஒரே குரலில்தான் சொல்வார்கள்.

அது சுவரைத் தேடி வந்த அம்மை இல்லை. அந்தச் சுவரோரம் தொட்டிலில் கிடந்த, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பொன்னழகைத் தேடி வந்தது. அது பிள்ளையை விட்டுவிட்டுச் சுவருக்குப் போன காரணம் எதிர்வீட்டு லத்தீபாவிடம் இருந்தது. லத்தீபாவின் புருஷன் அப்துல் மாலிக் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். மகன் சுல்தான் பிறந்து மூன்று மாதமாகியும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை. சித்திரையில் புறப்படும் கப்பலுக்குச் சீட்டு எடுத்து அனுப்பியிருந்தான். அம்மை குத்திய சான்று இல்லாதவர்களைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்பதால், தை மாதம் சுகாதார ஊழியர் குழந்தைவேலு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் குத்திவிட்டுப் போனார். லத்தீபாவுக்குத் தோள் வீங்கி மூன்று நாள் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் விட்ட பிறகு அவளுடைய பாலில் லேசாக மழை பெய்த மண்ணின் வாசம் வந்தது. சுல்தானுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அதே நாள் குழந்தைவேலு எதிர்வீட்டிலும் கூப்பிட்டுப் பார்த்தார். மலையாண்டி சின்ன வயதிலேயே அம்மை கண்டவன். அவன் மனைவி அன்னக்கிளி நிறைமாதக்காரி. கதவுக்குப் பின்னால் நின்றபடியே, "ஆத்தா வாரதும் போறதும் அவ இஷ்டம். அவளை மறிச்சு நிக்க நாம யாருங்க?" என்று சொல்லிவிட்டாள்.

பிரசவமாகி இருபதாம் நாள் அன்னக்கிளிக்கு அம்மை போட்டது. கண்ணுக்குள்ளும் புறப்பட்டது. முன்பே அம்மை கண்ட அவளுடைய அத்தை ஒருத்தி அவளை வயக்காட்டுக் குடிசைக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்டாள். பிள்ளை மலையாண்டியிடம் நின்றது. ஆட்டுப்பாலைப் பஞ்சில் நனைத்து வைத்தான், கக்கியது. சர்க்கரைத் தண்ணீர் வைத்தான், கக்கியது. இரண்டாம் நாள் மத்தியானம் அழுகையே பூனைக்குட்டிச் சத்தமாகிவிட்டபோது, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலுக்கு வெளியே வந்து நின்றான். 

"என்னண்ணே அங்குட்டே நிக்கிறீக?" என்றாள் லத்தீபா.

"உள்ள வரக்கூடாது தங்கச்சி. அம்மை வீட்டுப் புள்ள. ஒரு வாய்... ஒரே ஒரு வாய்..."

அப்துல் மாலிக்கின் தாய் சைதுன் பீவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்காமலே பேசினாள். "லத்தீபா, தெரிஞ்சு செய்யி. அம்மை வீட்டோட புழங்குனவளைக் கப்பல்ல ஏத்தமாட்டாக. ஒன் புருஷன் அங்க காத்துக்கிட்டு இருக்கான். அதோட, ஒரு வாய் குடிச்சாலும் ஒம்பது வாய் குடிச்சாலும் அவ ஒன் மக. சுல்தானுக்குக் கூடப்பொறந்தவ. நாளைக்கு இல்லைன்னு சொல்ல முடியாது."

லத்தீபா எழுந்துபோய்ப் பிள்ளையை வாங்கினாள். மாமி பேசி முடித்தபோது பிள்ளை குடித்துக்கொண்டிருந்தது.

தாய்க்கு அம்மை போட்ட எட்டாம் நாள் காலையில் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. மலையாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் பால் குடித்துவிட்டுத் தொட்டிலில் கிடந்தபோது சூடு மெல்ல இறங்கியது. பிள்ளை ஆற ஆறச் சுவர் சுட ஆரம்பித்தது. தன் வீட்டுக்கு வந்த அம்மைக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை மலையாண்டி செய்தான். சுவருக்கு வேப்பிலை செருகினான், வீட்டில் தாளிப்பதை நிறுத்தினான், சுவர் நமைச்சலில் உதிர்ந்துவிடாதபடி பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்குழையால் தடவிக் கொடுத்தான். தகவல் கேட்டுக் குழந்தைவேலு சைக்கிளில் வந்தார். சுவரைப் பார்த்தார், பிள்ளையைப் புரட்டிப் பார்த்தார், லத்தீபாவின் தோளில் இருந்த தழும்பைப் பார்த்தார். "குத்துனது ஒரு கையில. காவல் பால் வழியா எதிர்வீடு வரைக்கும் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, தன் பதிவேட்டில் நோயாளி என்ற கட்டத்தில் 'சுவர், மேற்கு' என்றும், வயது என்ற கட்டத்தில் 'நாற்பது இருக்கலாம்' என்றும் எழுதினார். பொருக்கு உதிர்ந்ததும் கூட்டி எரிக்கச் சொன்னார். எரித்தார்கள். சுவருக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் தெருவில் எல்லார் வீட்டிலும் கடுகு தாளித்த வாசம் எழுந்தது.

அன்னக்கிளி சித்திரைக் கடைசியில் வீடு திரும்பினாள். உயிர் தங்கியது, இரண்டு கண்ணும் போய்விட்டன. வீட்டுக்குள் தடவி நடந்தவள் சுவரின் குழிகளில் விரல் வைத்தாள். பிறகு தன் முகத்தில் வைத்துப் பார்த்தாள். "எனக்கு விழுந்தது பத்தாதுன்னு இதுக்கும் விழுந்திருக்கு" என்றாள். "பிள்ளைக்கு?" என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மலையாண்டி பிள்ளையை மடியில் கிடத்தியதும் உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை தடவினாள். ஒரு குழிகூட இல்லை. இரண்டாவது முறை தடவினாள். மூன்றாவது முறை தடவும்போது பிள்ளை புதுக் கைக்குப் பயந்து வீறிட்டது. மார்பில் அணைத்துப் பார்த்தாள். பால் வற்றியிருந்தது. பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்வீட்டுப் பக்கம் அழுதது.

"எடுத்துக்கிட்டுப் போங்க. அவகிட்டயே குடுத்துருங்க. என்னைய அதுக்குத் தெரியலை" என்றாள் அன்னக்கிளி.

பிள்ளையை எடுத்துவர லத்தீபா விடவில்லை. அவளே தெருவைத் தாண்டி வந்தாள். அன்னக்கிளியின் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். "புள்ள ஒங்க மடியிலயே கெடக்கட்டும். நான் சாஞ்சு குடுக்கிறேன். கன்னத்துல கையை வச்சுக்கங்க, குடிக்கிறது தெரியும்" என்றாள். அன்று முதல் பதினாலு மாதம் பொன்னழகு ஒருத்தி மடியில் கிடந்து இன்னொருத்தியிடம் பால் குடித்தாள். அவளுக்கு நான்கு கையும் ஒரே அம்மாவுடையவை என்றுதான் நினைப்பு. பேச வந்தபோது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தடவைதான் அம்மா என்று கூப்பிடுவாள், இரண்டு பேரும் திரும்புவார்கள்.

கப்பல் லத்தீபா இல்லாமல் போய்விட்டது. பினாங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது: 'யார் வீட்டுப் பிள்ளைக்காகவோ என் பிள்ளை முகத்தை நான் பார்க்காமல் இருக்க வேண்டுமா?' லத்தீபா பதில் எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை. இரண்டு வருஷம் தபால்காரர் அந்த வாசலில் நிற்காமல் போனார். சைதுன் பீவி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. ஆனால் தபால் மணி கேட்கும்போதெல்லாம் முறத்தை எடுத்து இல்லாத அரிசியைப் புடைத்தாள்.

1966 கடைசியில், ரம்ஜான் நோன்புக்கு முந்தின வாரம் அப்துல் மாலிக் சொல்லாமல் வந்து இறங்கினான். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த சுல்தானிடம் சைதுன் பீவி, "ஒங்க அத்தாடா" என்றாள். சுல்தான் கூச்சப்பட்டு நின்றுவிட்டான். பொன்னழகு ஓடிவந்து, "அத்தா" என்று வந்தவன் காலைக் கட்டிக்கொண்டாள். அப்துல் மாலிக் பெட்டியைத் தலையிலிருந்து இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு மலையாண்டி அவனைக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினான். அப்துல் மாலிக் ஒவ்வொரு குழியாகத் தொட்டு, கீழே தொட்டில் உயரம் வரை வந்து, அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"இம்புட்டுமா மச்சான்?"

"இம்புட்டும் மாப்ளே."

சாயங்காலம் பெட்டியைத் திறந்தபோது, பாதி சாமானை எதிர்வீட்டுக்கு எடுத்துவைக்கச் சொன்னான். பதினோரு மாதம் இருந்துவிட்டுத்தான் கப்பலேறினான்.

1967 கடைசியில் அன்னக்கிளிக்கு வீரையா பிறந்தான். ஒரு மாதம் கழித்து லத்தீபாவுக்கு பல்கீஸ் பிறந்தாள். இந்த முறை லத்தீபாவுக்குப் பிரசவக் காய்ச்சல் கண்டு, ஒரு சொட்டுப் பால் இறங்கவில்லை. யாரும் வந்து கேட்கவில்லை. பல்கீஸ் பசித்து முதல் அழுகை அழுதபோதே அன்னக்கிளி கோலைத் தட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். பார்வை போன பிறகு அவள் யார் கையும் பிடிக்காமல் கடந்தது அன்றுதான் முதல் தடவை. லத்தீபாவின் படுக்கையில் ஏறி உட்கார்ந்து, பல்கீஸை அவள் தாயின் மடியில் கிடத்தி, சாய்ந்து கொடுத்தாள். அன்னக்கிளியின் பாலில் வேப்பம்பூ வாசம் இருந்தது என்று லத்தீபா சொன்னாள். அடுத்து வந்த கோடையில் கீழச்சிவல்பட்டிப் பக்கம் அம்மை பரவி மானகிரிக்கும் வந்தது. மலையாண்டி வீட்டுச் சுவர் ஒரு சாயங்காலம் மட்டும் லேசாகச் சுட்டு ஆறிவிட்டது. ஒரு தடவை அம்மை கண்டதற்கு மறுபடி வராது என்பது சுவருக்கும் பொருந்தும். அதற்குள் ஊரில் பிள்ளைக்காரிகள் எல்லாரும் குழந்தைவேலுவிடம் தாங்களாகவே கையை நீட்டியிருந்தார்கள். முதலில் நீட்டியவள் அன்னக்கிளி. "ஒனக்குத் தேவையில்லை தாயி, ஒனக்கு வந்து போயிருச்சு" என்று அவர் சொல்லியும் அவள் கையை மடக்கவில்லை. ஊர் பார்க்கட்டும் என்று குத்திக்கொண்டாள்.

1971இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலையும் குழந்தைவேலு தலையில் விழுந்தது. மலையாண்டி வீட்டில் குழந்தைகள் எத்தனை என்று கேட்டார். அன்னக்கிளி நாலு என்றாள். அவர் எண்ணினார். நாலு இருந்தது. எதிர்வீட்டில் கேட்டார். லத்தீபா நாலு என்றாள். எண்ணினார். நாலு இருந்தது. தாளை அனுப்பிய பிறகு, ஊரில் நான்கு பிள்ளைகள் கூடுதலாக இருப்பதாகச் சிவகங்கையிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். அவர் இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் தெருவில் வரிசையாக நிறுத்தினார். சுல்தான், பொன்னழகு, வீரையா, பல்கீஸ். நாலு. உள்ளே போகச் சொல்லிவிட்டு, இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் எண்ணுவதற்காகக் குழந்தைவேலுவை எதிர்வீட்டுக்கு அனுப்பினார். இந்த வீட்டில் நான்கு பிள்ளைகள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் நான்கு பிள்ளைகள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.

அதிகாரி வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். லத்தீபா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "எழுதினது சரிதான்யா" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.