உறை பிரிக்காத புத்தகம்

சவப்பெட்டியில் கிடந்த தம்பி வெண்டெலின் டையை லோர்னா மூன்றாவது முறை நேராக்கியபோது அவளுக்குப் பின்னால் சண்டை தொடங்கிவிட்டது.

"பழசைத்தான்டா வைக்கணும்."

"பழசை வெச்சுட்டா ஆட்டம் அதோட முடிஞ்சுது. மூளை இருக்கா உனக்கு?"

தபால்காரன் டென்னியும், பள்ளிப் பேருந்து ஓட்டும் கர்ட்டும். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. டென்னி கறுப்புக் கோட்டுக்குள் டிராகன் படம் போட்ட பனியன் போட்டிருந்தான். பொத்தான்களைப் பூட்டியும் வால் வெளியே தெரிந்தது.

இருபத்தாறு வருடங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இவர்கள் லோர்னாவின் வீட்டு நிலவறையில் பகடை உருட்டிக் கற்பனைக் கதை ஆட்டம் ஆடி வந்தார்கள். ஒருவன் மந்திரவாதி, ஒருவன் வாள்வீரன். வெண்டெல் கதையை நடத்துவான். மற்றவர்கள் இல்லாத ஊரில் இல்லாத பூதத்தை வெட்டுவார்கள். லோர்னா ஆறு பேருக்கு ஹாம் சாண்ட்விச் செய்து படிக்கட்டின் மேல்படியில் வைப்பாள். காலித் தட்டு அதே படிக்குத் திரும்பி வரும்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தப் படிகளில்தான் வெண்டெல் விழுந்து கிடந்தான். சுற்றிலும் சிதறிக் கிடந்த துணிகள் அவள் துவைத்து மடித்தவை.

"ரெண்டு மணிக்குப் பெட்டியை மூடிடுவோம்," என்றார் சவ அடக்கப் பொறுப்பாளர் டோலஃப்சன். "ஏதாவது வைக்கணும்னா இப்பவே வெச்சிடுங்கம்மா."

நாற்காலியில் இரண்டு புத்தகங்கள் இருந்தன. இரண்டும் வெண்டெல் ஆட்டம் நடத்திய கற்பனை உலகத்தைப் பற்றியவை. அதன் வரைபடம், நகரங்கள், அரசர்கள், தெய்வங்கள். பழையதன் முதுகு பிய்ந்து, டேப் ஒட்டப்பட்டு, ஓரம் முழுக்க வெண்டெலின் பென்சில் எழுத்து. புதியது அதே உலகம்தான். ஆனால் அதை வெளியிடும் கம்பெனி, கதையை நூறு வருடம் கழித்து நடப்பதாக மாற்றி, பாதித் தெய்வங்களைக் கொன்று, தலைநகரைக் கடலில் மூழ்கடித்திருந்தது. வந்த அன்றே வாங்கிய வெண்டெல், சேதி தெரிந்த பிறகு பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவுமில்லை. அப்பா இறந்தபோது அவன் சாப்பிட்டான். லோர்னாவுக்கு நினைவிருந்தது.

"அவன் கையெழுத்து அவனோட போறதுதான் மரியாதை," என்றான் டென்னி.

"ஆட்டத்துல நாங்க பாலத்து நடுவுல நிக்கிறோம் லோர்னா," என்றான் கர்ட். குரல் உண்மையாகவே நடுங்கியது. "அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு அந்தப் பழைய புத்தகத்துலதான் எழுதி வெச்சிருக்கான்."

"பாலத்துலயா? அங்கேயே நில்லுங்க."

"கிண்டல் பண்ணாதீங்க. அவனுக்குச் சொந்தம்னு நீங்க ஒருத்தர்தான். நீங்க சொல்றதுதான்."

தேவாலயத்துப் பெண்கள் கதவருகே கேக் தட்டுகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோர்னாவுக்குக் காது சுட்டது. இரண்டையும் குப்பையில் போட்டால் தீர்ந்தது. பழையதைக் கையில் எடுத்தாள். உருளைக்கிழங்கு சிப்ஸ் எண்ணெய் வாடை வந்தது.

"இதுல அப்படி என்னதான் இருக்கு?"

அவள் கேட்டதே போதுமாக இருந்தது டென்னிக்கு. ஓடி வந்து பக்கங்களைப் புரட்டினான்.

"எல்லாரும் இருக்கோம்! இங்க பாருங்க, டென்னி சத்திரம். கர்ட்டு இதோ, கழுதை வண்டிக்காரன்."

"அது குதிரை வண்டிடா."

"கழுதைன்னுதான் எழுதியிருக்கான், படிச்சுப் பாரு. உங்க பக்கத்து வீட்டு நாய் இருக்கே, அதுகூட இருக்கு. ஓநாய்களுக்கெல்லாம் ராஜா. ரேஷர் கடையில கறி வெட்டுறவர், உங்க பல் டாக்டர், நம்ம பாதிரியார்..."

"நான்?"

கேட்ட பிறகுதான், வாய்விட்டுக் கேட்டுவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

டென்னி ஒரு பக்கத்தைப் புரட்டினான். இன்னொன்றைப் புரட்டினான். கர்ட் தரைவிரிப்பைப் பார்த்தான்.

"இருப்பீங்க," என்றான் டென்னி. "இல்லாம எப்படி? பெரிய புத்தகம் இல்லையா."

"எத்தனை பக்கம்?"

"முந்நூத்து இருபது."

லோர்னா அவன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். நாற்காலியிலிருந்த புதியதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். வெண்டெலின் கையைத் தூக்கி அதன்மேல் போட்டாள். பிளாஸ்டிக் உறை சரசரத்தது.

"ஐயோ, அது வேணாம்! அவன் அதைத் தொடவே மாட்டான்."

"இப்ப தொட்டுட்டு இருக்கான் பாரு."

டோலஃப்சன் இருமினார். கர்ட்டின் முகத்தில் மட்டும் மெல்ல வெளிச்சம் வந்தது. கையை நீட்டினான்.

"அப்ப பழசு எங்களுக்குத்தான?"

"தரேன்னு சொன்னேனா?"

"இல்ல, சனிக்கிழமைக்குள்ள..."

"கையை எடு."

இரண்டு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். வெளியே பனி கரைந்து சேறாகியிருந்தது. கார்கள் முகப்பு விளக்கை எரியவிட்டு வரிசையில் நின்றன. முதலில் சவ வண்டி, அடுத்து லோர்னாவின் கார்.

சவ வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்பியது. லோர்னாவின் கார் நகரவில்லை. பின்னால் பதினோரு கார்கள் காத்திருந்தன. சாவு ஊர்வலத்தில் யாரும் ஹார்ன் அடிப்பதில்லை.

கடைசியில் கர்ட் இறங்கி வந்து கண்ணாடியில் தட்டினான். புத்தகம் ஸ்டியரிங் மேல் விரிந்திருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கம். பென்சில் வரிகளின் கீழே அவள் விரல் மெதுவாக நகர்ந்து அடிவரைக்கும் போனது. நிமிர்ந்து பார்க்காமல், விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினாள்.