அப்பாவுக்குக் கேட்கலையாம்

எங்கள் வீட்டில் முதன்முதலாக மின்விசிறி சுற்றியபோது எனக்கு ஏழு வயது. அதை வென்று வந்தவள் என் அக்கா அமெலிட்டா. அவளுக்குப் பத்து வயது. பக்கத்து ஊர்த் திருவிழாப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு. நாங்கள் நால்வரும் அதன் முன்னால் வரிசையாக உட்கார்ந்து, காற்று யார் பக்கம் திரும்பும் என்று காத்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது. அப்பா கிதாரை மடியில் வைத்து அந்தப் பாட்டை மறுபடி பாடச் சொன்னார். அக்கா பாடினாள். காற்று அவள் முடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

‘கரைக்கு வா’ என்பது பாட்டின் பெயர். கடலுக்குப் போனவனைக் கூப்பிடும் ஒரு பெண்ணின் பாட்டு. பத்து வயதுச் சிறுமிக்கு அதில் என்ன புரிந்திருக்கும்? ஆனால் கடைசி ‘வா’வை அவள் மேலே கொண்டுபோய் நிறுத்தி, ஒன்பது எண்ணும் வரை விடாமல் பிடிப்பாள். மைதானத்தில் பொரித்த மீன் விற்பவன்கூட கரண்டியை நிறுத்திவிடுவான். அந்த ‘வா’ எங்கள் வீட்டுக்கு அரிசி மூட்டை கொண்டுவந்தது. சுவர்க்கடிகாரம், ரேடியோ, ஒரு முறை உயிருள்ள பன்றிக்குட்டி. என் முதல் பள்ளிக்கூடச் செருப்பும் அதில் வந்ததுதான். அதனால் எனக்குப் பாட்டு என்றால் புதுச் செருப்பின் ரப்பர் வாசனை, வண்டியில் அம்மாவின் மடியில் தூங்கியபடி வீடு திரும்புவது, மறுநாள் தெருவே வந்து எட்டிப் பார்ப்பது. இதைவிட நல்ல குழந்தைப் பருவம் யாருக்கும் வாய்த்திருக்காது என்றே நெடுநாள் நம்பினேன்.

அப்பா சிப்ரியானோ மூன்று சக்கர வண்டி ஓட்டினார். இளவயதில் அவரும் போட்டிகளில் பாடியவர்தான். ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. அக்காவின் குரலைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பு இல்லை. வீட்டில் யாரும் ஐஸ் தொடக் கூடாது. அக்கா வெயிலில் விளையாடக் கூடாது, கத்தக் கூடாது, சத்தமாகச் சிரிக்கவும் கூடாது. காலையில் இஞ்சித் தண்ணீர், ஒரு பச்சை முட்டை. அவள் வாந்தி எடுத்தால் இன்னொரு முட்டை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றது. திருவிழாக்கள் எல்லாம் பரீட்சை நேரத்தில்தான் வந்தன.

சாயங்காலம் துறைமுகப் பாலத்தில் பயிற்சி. அக்கா பாலத்தின் கடைசியில் மண்ணெண்ணெய்த் தகரத்தின் மேல் ஏறி, கடலைப் பார்த்தபடி பாட வேண்டும். அப்பா கரையில் வலை பின்னுகிறவர்களின் கொட்டகையில் நிற்பார். அந்தக் கடைசி ‘வா’ படகு இன்ஜின் சத்தத்தையும் தாண்டி வந்து சேர்ந்தால் தொப்பியைத் தூக்குவார். அவள் கடலைப் பார்த்து நிற்பதால் அவளுக்குத் தெரியாது. நான்தான் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும். கேட்டது என்றால் அன்றைக்கு முடிந்தது. கேட்கவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து.

பாலத்தின் நடுவில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் பட்டறை இருந்தது. அங்கே வேலை செய்த டெல்ஃபினுக்கு என் ஓட்டத்தைப் பார்த்தால் சிரிப்பு.

“என்ன இண்டாய், தந்தி ஆபீஸ் தொறந்துட்டியா? இந்தா, வாயில போட்டுக்கிட்டு ஓடு” என்று ஒரு துண்டு ஐஸ் தருவான். எங்கள் தீவில் சின்னப் பெண்களை ‘இண்டாய்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு ஓட்டத்துக்கு ஒரு துண்டு. எனக்கு ஒன்பது வயது முடிந்த கோடையில் நான் கணக்குப் போட்டுவிட்டேன். அப்பா தொப்பியைத் தூக்குவார். நான் ஓடிப் போய், “அப்பாவுக்குக் கேக்கலையாம்” என்பேன்.

அக்கா எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். சில நாள் நான்கு தடவை, சில நாள் ஏழு. அப்பாவோ கொட்டகையில் இருப்பவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருப்பார். “பாத்தீங்களா என் பொண்ண? போதும்னு சொல்லி அனுப்பினாலும் விட மாட்டேங்குறா. ரத்தத்துல இருக்கு!” அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷமாக இருக்கும். ஐஸ் கிடைத்தது, பாட்டும் கிடைத்தது, அப்பாவும் சிரித்தார். யாருக்கு என்ன நஷ்டம்?

அடுத்த வருடம் மே மாதம், பெரிய ஊர்த் திருவிழாவில், அக்காவின் பதின்மூன்றாவது வயதில், அந்த ‘வா’ மேலே போகவில்லை. பாதியில் ஏதோ துணி கிழிவது போல ஒரு சத்தம் வந்தது. கூட்டத்தில் யாரோ கோழி போலக் கூவினான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கையில் மைக்கோடு அப்படியே நின்றாள். அம்மா மேடையேறிப் போய் அழைத்து வந்தாள்.

டாக்டர், தொண்டையில் காய்ப்பு விழுந்துவிட்டது என்றார். கலப்பை பிடித்தவன் கையில் வருமே, அப்படி. பாட்டை நிறுத்தினால் பேச்சாவது மிஞ்சும் என்றார். அப்பாவால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவருக்கு வேறு காரணம் வேண்டியிருந்தது. மறுநாள் பாலத்தில் டெல்ஃபினிடம் புலம்பப் போனவர் சிவந்த முகத்தோடு திரும்பினார்.

“தினமும் ஐஸ் வாங்கித் தின்னுவாளாமே உன் பொண்ணு! அவன் வாயாலயே சொன்னான்!” என்று அம்மாவிடம் கத்தினார்.

எந்தப் பெண் என்று அவர் அவனிடம் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. பெல்ட்டைக் கழற்றினார்.

அக்கா இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் நாக்கு ஒட்டிக்கொண்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சொல்ல முடிந்திருக்கும். சொல்லவில்லை.

அதன்பின் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பதினைந்து வயதில் அவளை மணிலாவுக்கு வீட்டுவேலைக்கு அனுப்பினார்கள். பிறகு தையல் ஆலை. அவள் அனுப்பியதில்தான் நான் படித்து டீச்சரானேன். அம்மா இறந்தபோது வந்தாள், மூன்று நாள் இருந்தாள், போனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொலைபேசியில் அவளுடைய கரகரத்த குரலைக் கேட்கிறவர்கள் யாரோ ஆண்பிள்ளை பேசுவதாகத்தான் நினைப்பார்கள்.

அப்பாவுக்கு எண்பது வயது நிறைந்தபோது நான் ஊரையே கூப்பிட்டு விருந்து வைத்தேன். முழுப் பன்றி சுட்டோம், ஆயுள் நீள வேண்டும் என்று பிறந்தநாளுக்குப் போடும் நீளநீளமான நூடுல்ஸ், வாடகைக்கு ஒரு இசைக்குழு. அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தேன். அவளுக்கு ஒரு ஆச்சரியம் வைக்க நினைத்தேன். இசைக்குழுக்காரனிடம் ‘கரைக்கு வா’ தெரியுமா என்று கேட்டு, தெரியாததால், நானே உட்கார்ந்து மெட்டையும் வரிகளையும் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரம் மனசெல்லாம் இனித்துக் கிடந்தது. அது எனக்கு எப்படிப்பட்ட பாட்டோ அப்படித்தான் அவளுக்கும் இருக்கும் என்று, இவ்வளவு தெரிந்திருந்தும், எப்படி நினைத்தேன்?

நடுப்பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா மைக்கைப் பிடித்தார். அந்த வயதிலும் வார்த்தை தெளிவாகவே இருந்தது.

“இவதான் என் மூத்தவ. இந்தத் தீவுலயே இவள மாதிரி குரல் கெடையாது. டீவியில எல்லாம் வந்திருப்பா. என்ன பண்றது, ஐஸ் தின்னே தொண்டைய அழிச்சுக்கிட்டா!”

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லை; வருஷக்கணக்காகக் கேட்ட வேடிக்கைதான். இசைக்குழு நான் சொல்லிவைத்தபடி பாட்டைத் தொடங்கியது. “அமெலிட்டா! அமெலிட்டா!” என்று கிழங்கள் கைதட்டின. “உன் பாட்டக் கேட்டுத்தான்டி நான் இவரக் கட்டிக்கிட்டேன்” என்று ஒரு பாட்டி கத்தினாள். ஆளாளுக்கு அந்தப் பாட்டில் ஒரு கல்யாணம், ஒரு முதல் முத்தம், செத்துப்போன ஒரு தம்பி என்று ஏதோ ஒன்று இருந்தது.

அக்கா மைக்கை வாங்கினாள். முன்னிசை முடிந்தது. அவள் பாடவில்லை. இசைக்குழு மறுபடி முன்னிசையை வாசித்தது. அவள் நேராக என்னிடம் நடந்து வந்து மைக்கை என் கையில் வைத்தாள்.

“நீ பாடு. இது உனக்குப் புடிச்ச பாட்டுதானே” என்றாள். மைக்கில் விழும்படியே சொன்னாள். பிறகு சமையலறைக்குள் போய்விட்டாள்.

நான் மைக்கை இசைக்குழுக்காரனிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்; அவனே பாட்டைப் பாடத் தொடங்கினான். அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்…”

“தெரியும்.”

“அக்கா, ஒண்ணு சொல்லணும். அந்த ஐஸ்…”

“நீ தின்னது. தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“எப்போலேர்ந்தா? ஓடி வந்து எம் பக்கத்துல நிப்ப. வாயில நறுக்கு நறுக்குன்னு சத்தம் கேக்கும். ‘அப்பாவுக்குக் கேக்கலையாம்’பே. ஏழு தடவயும் ஒருத்தருக்குக் கேக்காம போகுமாடி?”

“தெரிஞ்சும் ஏன் பாடுன?”

“நிறுத்திட்டு, நீ பொய் சொல்றேன்னு அப்பாகிட்ட சொன்னா ஒனக்கு அடி விழும். சின்னக் கழுத, ஒரு துண்டு ஐஸ் தின்னுட்டுப் போகட்டும்னு விட்டேன்.” தட்டைக் கவிழ்த்து வைத்தாள். “அதுக்கு நான் கோவப்படல. பெல்ட்டு விழுந்தப்போ ஒன்னப் பாத்தேனே, அதுவும் சரி, பயந்துட்ட. ஆனா அதுக்கப்புறம்? முதுக சுவத்துல சாய்க்க முடியாம நாலு நாள் குப்புறப் படுத்துக் கெடந்தேன். ஒரே பாய்ல பக்கத்துல படுத்திருந்த. இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு காத்திருந்தேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

நான் அழுதேன். அவள் அழவில்லை.

“இப்பவே போய் அப்பாகிட்ட சொல்றேன்” என்றேன்.

“சொல்லு. மைக் வெளியிலதான் இருக்கு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவருடைய கூட்டாளிகள். முன்வரிசையில் எங்கள் தலைமை ஆசிரியை, என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர். அப்பா என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். “இவ இல்லேன்னா எனக்கு யாரு இருக்கா? என் தங்கம்” என்றார். யாரோ என் கையில் கேக் வெட்டும் கத்தியைக் கொடுத்தார்கள்.

நான் கேக்கை வெட்டினேன்.

திரும்பிப் பார்த்தபோது அக்கா சமையலறை வாசலில் கையைத் துணியில் துடைத்தபடி நின்றிருந்தாள். கோபமாகத் தெரியவில்லை. இதைத்தான் எதிர்பார்த்தேன் என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள். காலைக் கப்பலில் கிளம்பிவிட்டாள். வாசலில், பெரியவர்களிடம் விடைபெறும் எங்கள் வழக்கப்படி, அப்பாவின் கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். என்னிடம், “பிரஷர் மாத்திரைய விடாம சாப்புடு” என்றாள்.

அடுத்த வருடம் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார், எதுவும் தெரியாமல். அக்காவைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னேன். “சரி” என்றாள். வரவில்லை. மாதம் ஒரு தடவை நான்தான் அழைக்கிறேன். மழையைப் பற்றி, அரிசி விலையைப் பற்றிப் பேசுகிறோம். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

விருந்தில் இசைக்குழு வாசித்துப் பாடியதை என் மகள் ஜோரெலின் செல்போனில் பிடித்து வைத்திருந்தாள். பதினாறு வயது, தேவாலயத்தில் பாடுகிறவள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டாள். இப்போதெல்லாம் துணி துவைக்கும்போது ‘கரைக்கு வா’ பாடுகிறாள். கடைசி ‘வா’ மேலே போய் நிற்கிறது. நிறுத்து என்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாசல்வரை போகிறேன். போய் நின்று, அவள் முடிக்கும்வரை கேட்டுவிட்டுத் திரும்புகிறேன். வெட்கங்கெட்ட மனசு, அந்த நேரத்தில் அதற்குச் சந்தோஷம்தான் வருகிறது.