ஒதுங்குதல், விலகுதல், தலைமுழுகுதல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. இங்கிலீஷ்-தமிழ் அகராதி ஒன்றுக்கு உதாரண வாக்கியங்கள் எழுதும் வேலை எனக்கு வந்தது. அன்றைய வினைச்சொல் 'டிஸ்ஸோசியேட்'. ஒருவரோடு தனக்குச் சம்பந்தமில்லை என்று அறிவித்துக்கொள்ளுதல் என்பது பொருள். 'தன்னை' என்ற சொல்லும் கூடவே வரும். யாரிடமிருந்து என்பது அதற்குப் பிறகு. நான் எழுதிக் கொடுத்தது இது:

அவள் தன் தம்பியிடமிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டாள்.

பதிப்பாசிரியர் ஏற்றுக்கொண்டார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. ஏன் துண்டித்துக்கொண்டாள்? (யார் அவள் என்ற கேள்வி அதற்கும் பிறகுதான் வந்தது.)

2

முதல் தொடக்கம்: 1942-ஆம் வருடம் ஐப்பசி மாதம், கம்பம் பள்ளத்தாக்கில் மழை ——

வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளால் தமிழில் ஏற்கெனவே வெள்ளம்.

இரண்டாம் தொடக்கம்: சுருளிப்பட்டிப் பேச்சிமுத்து, வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லித் தந்திக்கம்பியை அறுத்தபோது ——

இதுவும் வேண்டாம். அவன் பின்னால் போனால் வீரக்கதையாகிவிடும். அறுத்தான், பிடிபட்டான், பெல்லாரிச் சிறைக்குப் போனான். அவ்வளவு போதும்.

எனக்கு வேண்டியவர் ஏசுதாசன். உத்தமபாளையத்துச் சர்க்கார் கச்சேரி வாசலில் தகரப் பந்தலுக்குக் கீழே மேஜை போட்டு மனு எழுதுகிறவர். ஐம்பது வயது. இங்கிலீஷ் எழுதும்போது முதுகை நிமிர்த்திக்கொள்வார். தமிழுக்கு அந்த மரியாதை கிடையாது.

அவர் முன்னால் மாயக்காள் நிற்கிறாள். பேச்சிமுத்துவின் அக்கா. தாய் செத்தபின் அவனைத் தூக்கி வளர்த்தவள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள். புருஷன் ராக்கையா ஊர்த் தலையாரி. சிறைக்குப் போனவனோடு இந்த வீட்டாருக்கு இனிச் சம்பந்தமில்லை என்று புருஷனும் பெண்டாட்டியும் கைநாட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் தலையாரி வேலை போய்விடும் என்று உத்தரவு. இங்கிலீஷ் வாசகமும் மேலேயிருந்தே வந்துவிட்டது, என் 'டிஸ்ஸோசியேட்' அதில்தான் இருக்கிறது; படியெடுத்துக் கொடுப்பது மட்டும்தான் ஏசுதாசன் வேலை.

ராக்கையா முந்தின நாளே வைத்துவிட்டார். (அவருடைய குனிந்த தலையைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். பிள்ளைகள் வயிற்றுக்காக வைத்த மனிதரை நான் ஏன் குத்திக்காட்ட வேண்டும்?)

"அவுக வச்சுட்டாக. நானும் வைக்கத்தான் வந்தேன்," என்றாள் மாயக்காள். "ஆனா என்ன எழுதியிருக்குன்னு சொல்லிருங்க. தெரியாம வைக்க மாட்டேன்."

3

ஏசுதாசன் முதலில், "வெலகிக்கிர்றேன்னு எழுதியிருக்கு தாயி," என்றார்.

"நான் எங்கன வெலகுனேன்? அவன்தானே பெல்லாரில கெடக்கான்."

"ஒதுங்கிக்கிர்றேன்னு வச்சுக்கங்களேன்."

"மழைக்கு ஒதுங்குறாப்புலயா?" அவள் முகம் தெளிந்தது. "அப்படின்னா வச்சுர்றேன். மழை விட்டா வந்துறலாம்ல."

இந்த இடத்தில் அவர் தலையாட்டியிருக்கலாம். எல்லோரும் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனால் ஏசுதாசன் தொழிலில் நாணயமானவர். அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம் அது ஒன்றுதான்.*

"இல்ல தாயி. அது திரும்பி வர்ற சொல்லு. இது அப்படி இல்ல. தலைமுழுகுறதுன்னு சொல்லுவோமே, அது."

மாயக்காள் மை தடவிய பெருவிரலை மடக்கிக்கொண்டாள்.

"உசுரோட இருக்கிறவனுக்கு முழுகச் சொல்றீகளா? என் தோள்ல கெடந்து வளந்த பய. வாய்க்குச் சொல்லுறது வேற. நெசமாவே முழுகி யாரையாச்சும் பாத்திருக்கீகளா நீங்க?"

பார்த்திருக்கிறார்.

*நாணயமான மொழிபெயர்ப்பால் பிரிந்த குடும்பங்களை இதுவரை யாரும் கணக்கெடுக்கவில்லை.

4

(இந்தப் பகுதி என் திட்டத்தில் இல்லை. ஏசுதாசனுக்கு நான் பழைய வாழ்க்கை எதையும் கொடுக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார்.)

போடி பஜாரில் அவருடைய அண்ணன் குருசாமிக்கு அப்பா வழியில் வந்த ஏலக்காய்க் கடை. அப்போது இவர் பெயர் சின்னக்கருப்பு. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே சாக்கில் உட்கார்ந்து காய் தரம் பிரிப்பார்கள். பச்சை இந்தப் பக்கம், வெளுத்தது அந்தப் பக்கம். அண்ணன் கை வேகமான கை. தம்பி பின்தங்கினால், அப்பா பார்க்காதபோது தன் குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளித் தம்பி பக்கம் தள்ளிவிடுவார். இருவர் சட்டையும் ஒரே கொடியில் கிடந்து ஒரே மணம் மணக்கும். என்ன அருமையான நாட்கள். எழுதுகிற எனக்கே ஏக்கமாக இருக்கிறது, நான் அந்தக் கடையைக் கண்ணால் கண்டதில்லை.

பிறகு தம்பி ஞானஸ்நானம் பெற்று ஏசுதாசன் ஆனார். மறுநாள் காலையில் அண்ணன் கொட்டகுடி ஆற்றுக்குப் போனார்.

"எங்கண்ணன் எனக்கு முழுகுனாக," என்றார் ஏசுதாசன். இருபது வருடமாக யாரிடமும் சொல்லாதது.

"அப்ப நீங்க எங்கன இருந்தீக?"

"கரையில. தடுத்துப்புடலாம்னு ஓடுனேன். என்னையப் பாத்தாக. பாத்துக்கிட்டே, என் பழைய பேரைச் சொல்லி மூணு முங்கு முங்குனாக. துண்டைப் பிழிஞ்சு தோள்ல போட்டுக்கிட்டு என்னையத் தாண்டிப் போயிட்டாக."

"இப்ப இருக்காகளா?"

"இருக்காக. அதே கடையிலதான்."

"ஒரு எட்டுப் போய்ப் பாத்தா என்ன?"

"செத்தவன் எப்படித் தாயி போறது?"

5

முடிவு ஒன்று: மாயக்காள் காகிதத்தைக் கிழித்தெறிந்து ——

கிழிப்பது எனக்குச் சுலபம். அவளுக்கு வீட்டில் மூன்று பிள்ளைகள்.

முடிவு இரண்டு: ஏசுதாசன் சத்தமில்லாமல் அந்தச் சொல்லை மாற்றி ——

ஓர் எழுத்து மாறினாலும் செல்லாது.

முடிவு மூன்று: அன்று மாலையே அவர் போடி பஸ்ஸில் ஏறி ——

எனக்கும் ஆசைதான். எத்தனையோ தடவை அவர் முன்னால் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தேன். ஏறவில்லை.

மாயக்காள் கைநாட்டு வைத்தாள். அழுதுகொண்டே வைத்தாள். வைத்த பிறகு கேட்டாள்: "இதை அவனுக்குக் காட்டுவாகளா?"

"வாசிச்சுச் சொல்லுவாக."

"அவனுக்கும் இங்கிலீசு தெரியாதே. வாசிக்கிறவுக என்னன்னு சொல்லுவாகளோ."

ஏசுதாசன் காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார்.

காகிதம் இப்போது பெல்லாரிக்கு வந்துவிட்டது. பேச்சிமுத்துவைக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வயது, மொட்டைத்தலை. ஊரிலிருந்து ஏதோ வந்திருக்கிறது என்று மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அதற்கே முகமெல்லாம் சிரிப்பு. அவன் மொழியில் எடுத்துச் சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை. என்னால் ஆகாது, நான் போகிறேன். வாசிப்பவர் நீங்கள்தான். காகிதம் உங்கள் கையில் இருக்கிறது. அவன் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"அக்கா என்ன சொல்லியிருக்கு?"