காப்புக் கட்டிய செவ்வாய்

காரைக்குடிக் கல்லூரி ஒன்றில், 1977-ல், பெண்களுக்கும் ஃபுட்பால் அணி உண்டு என்று அறிவித்தபோது சிரிக்காதவர்கள் குறைவு. சாயங்கால மைதானம் ஆண்களுக்கு. பெண்களுக்கு விடியற்காலை ஆறு மணியும், ஆண்கள் உதைத்து நைந்துபோன பந்தும். அதற்கே பொன்னழகு விழுந்தடித்துக்கொண்டு ஓடுவாள். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றுவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அணியில் சரியாகப் பதினொரு பேர். கோல் காக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பங்குனியில் திருச்சியில் போட்டி. இரண்டு அணிகளும் வெள்ளிக்கிழமை ஒரே பஸ்ஸில் போய், இரவு தங்கி, மறுநாள் ஆட வேண்டும். பெண்கள் மட்டும் அப்பாவின் கையெழுத்து வாங்கி வரவேண்டும் என்றார் பிரின்சிபால். ஆண்பிள்ளைகளிடம் அப்பாவைப் பற்றி யார் கேட்டார்கள்!

செவ்வாய்க்கிழமை காலை, ஹாஸ்டலிலிருந்து ஒக்கூர்ப் பக்கம் இருக்கும் தன் கிராமத்துக்குப் போனாள். அன்று சாயங்காலம் அங்கே அம்மனுக்குக் காப்புக் கட்டு. கட்டும்போது ஊரில் இருப்பவர்கள், திருவிழா முடியும்வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது. அது அவளுக்குத் தெரியாததா? மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்றுதான் போனாள்.

அப்பா வீரையா கோயிலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மூணு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

"இரு ஆத்தா. இந்தப் பந்தக்காலை நட்டுட்டு வாரேன். வீட்டுல போயிச் சாப்பிடு."

இன்னும் இரண்டு தடவை போய்க் கேட்டாள். இந்தா வந்துட்டேன் என்றார். பஸ் போய்விட்டது. நடந்தாவது ஊர் எல்லையைத் தாண்டியிருக்கலாம். கையெழுத்தில்லாமல் தாண்டி என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. நாலரைக்குக் கொட்டுச் சத்தம் கேட்டது. காப்புக் கட்டியாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் வீரையா வந்தார். பேனாவை வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த வருசம் போகலாம்த்தா."

"எனக்கு இதுதாம்ப்பா கடைசி வருசம்."

பங்காளி வீட்டுச் சேவுகன் ஆண்கள் அணியில் ஆடுகிறவன். அன்று அவனும் ஊரில்தான் இருந்தான். ஊர்ப் பெரியவர்கள், அம்மன் உத்தரவு என்று அவன் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, போய்விட்டு வா என்றார்கள்.

"எனக்கும் ஒரு பழம் கேட்டு வாங்கிக் குடுங்கப்பா. அண்ணன் கூடவே போயிட்டு வந்துர்றேன்."

"அவன் ஆம்பளை. நீ போயி, ஊருக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா உன்னையத்தானே சொல்லுவாக?"

அவர் கோபப்பட்டிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பாள். பயந்துபோய்ச் சொன்னார். அவள் கையெழுத்துத் தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பஸ் கிளம்பும் நேரத்தில் அம்மனுக்குத் தண்ணீர்க் குடம் சுமந்தாள். கோயிலைச் சுற்றி வந்தாளே தவிர, மனசு புதுக்கோட்டையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. திருச்சி மைதானத்தில் புல் இருக்குமா என்றுகூட யோசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சேவுகன் வந்தான். ஆண்கள் ஜெயித்ததை அவனாகவே சொன்னான்.

"எங்க புள்ளைக என்ன ஆனாக, அண்ணே?"

"பத்துப் பேராவே ஆடுச்சுக. உன் இடத்துல நீலாயதாட்சி கோல்ல நின்னுச்சு. ரொம்ப நேரம் ஒண்ணும் விடலை. முடியப்போற நேரத்துல ஒரே ஒரு கோல்ல தோத்துப்போச்சுக. பந்து மெதுவாத்தான் உருண்டு வந்துச்சு. பாவம், அதுக்குக் குனியத் தெரியலை."

"மெதுவாவா வந்துச்சு?"

அவன் தலையாட்டினான். பொன்னழகுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.