நூற்று அறுபது கோடுகள்

டாக்டர் வனமாமலைக்கு இரண்டு வேலைகள் நன்றாக வரும். ஒன்று டை கட்டுவது. இன்னொன்று பிடிக்காத கோடுகளை அழிப்பது.

2005. தண்டலம் அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அதன் நானோ ஆய்வகத்துக்கு அவர்தான் ராஜா. அங்கே நடக்கும் வேலை இதுதான்: கிண்ணத்திலிருக்கும் திரவத்துக்குள் தங்க ஊசி இறங்கும். அடியிலுள்ள தங்கத் தகட்டைத் தொடும். விலகும். விலகும்போது, திரவத்தில் கலந்திருக்கும் மூலக்கூறு ஒன்று ஊசியையும் தகட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால், ஒரு கணம் மின்சாரம் அதன் வழியாகப் போகும். மின்சாரம் குறையக் குறையத் திரையில் சரிகிற கோட்டில் ஒரு படி தெரியும். ஒற்றை மூலக்கூறு எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அந்தப் படி சொல்லிவிடும்.

மூவாயிரம் தடவை இழுத்தால் மூவாயிரம் கோடு. வனமாமலை தனக்குப் பிடித்த நூற்று அறுபதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடுவார். கத்திரிக்காய் வாங்குகிறவர்கள்கூட இத்தனை கறார் கிடையாது.

அப்படிப் பிறந்த ஆய்வுக்கட்டுரையில் வேல்விழியின் பெயரும் இருந்தது. சங்கரன்கோவில்காரி, மூன்று வருடமாக அவரிடம் பி.எச்டி. செய்கிறாள். கட்டுரையில் கையெழுத்துப் போட்டால் பட்டம். போடாவிட்டால் மூன்று வருடமும் போச்சு.

"சார், மூலக்கூறே போடாம வெறும் திரவத்துல ஒருதடவ ஓட்டிப் பாத்துருவோம்." நான்கு முறை கேட்டுவிட்டாள்.

"காலிப் பாத்திரத்துல கரண்டிய விட்டா என்னம்மா வரும்? போய் வேலையப் பாரு."

புதன்கிழமை காலை, ஆய்வகத்துக்கு நிதி கொடுக்கும் குழுவின் நிபுணர், பேராசிரியை கங்கா பெங்களூரிலிருந்து வந்து இறங்கினார். வனமாமலை கார்க் கதவருகிலேயே பாதி குனிந்துவிட்டார்.

"நேர்லயே ஓட்டிக் காட்றோம் மேடம்!"

வேல்விழி கிண்ணத்தை நிரப்பினாள். ஆய்வக உதவியாளன் ஜெபர்சன் கருவிக்கு மூடி போட்டு ஓடவிட்டான். ஊசி இறங்கியது, ஏறியது. வெளியே நெடுஞ்சாலையில் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர்கள் சென்னைப் பக்கம் போயின. ஒவ்வொன்றுக்கும் மேஜை லேசாக அதிர்ந்தது.

முக்கால் மணியில் ஆயிரம் கோடு. வனமாமலை மவுஸைப் பிடித்தார்.

"இது வேணாம். இது குப்பை. இதுவும் குப்பை... ஆங்! படி! பாருங்க மேடம், மூலக்கூறு!"

நாற்பது கோடு சேர்ந்ததும், படிகள் எந்த மதிப்பில் குவிகின்றன என்று காட்டும் வரைபடத்தில், அவர் ஆசைப்பட்ட இடத்தில், மேடு எழுந்தது.

"கட்டுரையில இருக்கிற அதே மதிப்பு! துல்லியம்!"

கங்கா திரும்பினார். "கரைசல்ல மூலக்கூறு எவ்வளவும்மா போட்டிருக்கே?"

"ஒண்ணுமே போடல மேடம்," என்றாள் வேல்விழி. "வெறும் கரைப்பான். மூலக்கூறு பாட்டில் ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு. டிரெய்லர் போறப்பல்லாம் கோடு ஆடுது. அதுல வேணுங்கற இடத்துல விழுந்தத மட்டும் சார் எடுக்காங்க."

ஜெபர்சனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்போ ரெண்டு வருஷமா லாரியத்தான் அளந்துகினு இருந்தோமா?"

வனமாமலையின் நெற்றியில் வியர்வை. "கவனமில்லாத பொண்ணு மேடம். தப்பா ஊத்திட்டா."

"தப்பா ஊத்தியும் சரியான விடை வந்துட்டே சார்!" என்றாள் வேல்விழி.

"அழிச்ச கோடெல்லாம் எங்கே?" என்றார் கங்கா.

வனமாமலை டையைத் தளர்த்தினார். கங்கா கைப்பையை எடுத்தார். "நிதி கேட்டு இனிமே எழுதாதீங்க." காபியைத் தொடாமலே போய்விட்டார்.

கார் கேட்டைத் தாண்டியதும் வனமாமலைக்கு வீரம் திரும்பியது. கட்டுரையை அவள்முன் வீசினார்.

"நிதி போனா போகுது. கட்டுரை பத்திரிகைக்குப் போயே தீரும். போடு கையெழுத்து. இல்லேன்னா பட்டம் எப்படி வாங்குறேன்னு பாக்குறேன்."

வேல்விழி பேனாவைத் திறந்தாள். முதல் பக்கத்தில் தன் பெயரின் மேல் அழுத்தமாக ஒரு கோடு கிழித்தாள்.

"நீங்க குடுக்கிற பட்டத்த வச்சுக்கிட்டு நான் யாரு மூஞ்சியில முழிக்க சார்?"

பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஐந்து நிமிடம் கழித்து வனமாமலை ஜெபர்சனைக் கூப்பிட்டார். குரலில் தேன்.

"தம்பி, உன் பேரைப் போட்டுடலாமா? பெரிய கவுரவம்டா."

ஜெபர்சன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"வேணாம் சார். எங்க வூட்ல கொஞ்சம் மரியாத கீது எனக்கு."